பிறக்கும் முன்பே போட்ட கடிதம்

‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தின் நாயகனுக்கு ஒரு கடிதம் வரும். அவனுடைய பணத்தை லெஃப்டினன்ட் டான் ஏதோ பழக் கம்பெனியில் போட்டுவிட்டார், இனிக் காசைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்துக்கொள்வான். கடிதத்தின் தலைப்பில் வானவில் நிற ஆப்பிள் இருக்கும். தேதி 1975 செப்டம்பர். ஆனால் ஆப்பிள் தொடங்கப்பட்டதே 1976 ஏப்ரல் 1 அன்றுதான். வானவில் ஆப்பிளை ராப் ஜானஃப் வரைந்தது 1977ல். அதற்கு முந்தைய சின்னத்தில் மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருப்பார். நிறுவனம் கலிபோர்னியாவின் குபெர்டினோ நகரில் அலுவலகம் போட்டதும் 1977ல்தான். பிறக்காத பிள்ளை எழுதிய கடிதம் அது.

1994ல் தியேட்டரில் பார்த்தவர்கள் யாரும் இதற்காக எழுந்து போகவில்லை. அது நகைச்சுவையும் நெகிழ்ச்சியும் கலந்த கதை, கடிதம் நொடியில் கடந்துவிடும். அதே கடிதம் ஒரு கொலைப் படத்தில் வந்திருந்தால்? தேதியைப் பார்த்ததும் நமக்கு உறைத்திருக்கும்: ஆவணம் போலி, எழுதியவன்தான் குற்றவாளி. படம் முடியும்வரை அந்தக் கடிதத்துக்கு விளக்கம் வரும் என்று காத்திருந்திருப்போம். குற்றப் படம் பார்க்க உட்காரும்போதே ரசிகன் பாதித் துப்பறிவாளன். மேஜையில் நகர்ந்திருக்கும் கண்ணாடிக் குவளை, கடிகார முள், சட்டைப் பொத்தான் எல்லாம் அவனுக்குத் தடயம். ஆகவே இந்த வகைப் படங்களில் பிழை பிழையாக நிற்பதில்லை, பொய்த் தடயமாக மாறிவிடுகிறது.

பிழைகள் இரண்டு சாதி. ஒன்று படத்துக்குள்ளேயே முரண்படுவது: இந்த ஷாட்டில் இடக்கையில் இருந்த சிகரெட் அடுத்த ஷாட்டில் வலக்கையில். இது தொடர்ச்சிப் பிழை, நம் படப்பிடிப்புத் தளங்களில் ‘கன்டினியூட்டி மிஸ்டேக்’. மற்றது படத்துக்கு வெளியே இருக்கும் வரலாற்றோடு முரண்படுவது. ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தில் 1963ல் நடப்பதாகச் சொல்லப்படும் விமான நிலையக் காட்சியில் போயிங் 747 பறக்கும். அந்த விமானம் முதன்முதலாக வானேறியதே 1969 பிப்ரவரியில். இது காலப்பிழை. முதல் பிழைக்குப் பொறுப்பு தளத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவர். இரண்டாவதற்குப் பொறுப்பு ஆர்ட் டைரக்டர், உடைக்காரர், சில சமயம் நகராட்சி.

தொடர்ச்சிப் பிழை எப்படி வருகிறது என்பது எளிது. படம் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. கதாநாயகன் கதவைத் திறப்பது திங்கள்கிழமை வெளிப்புறத்தில், உள்ளே நுழைவது மூன்று வாரம் கழித்து ஸ்டுடியோவில். ஒரே உரையாடலைத் தூரத்திலிருந்து ஒருமுறை, இவர் தோளுக்கு மேலிருந்து ஒருமுறை, அவர் முகத்துக்கு அருகில் ஒருமுறை என்று எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பல டேக். நடிகர் எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தார், காபி எந்த மட்டத்தில் இருந்தது என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஹாலிவுட்டில் இதற்கென்றே தனிப் பதவி உண்டு. நம்மூரில் பெரும்பாலும் ஓர் அசிஸ்டென்ட் டைரக்டரின் தலையில் விழுகிறது. முன்பு போலராய்டு படங்களை ஃபைலில் ஒட்டுவார்கள், இன்று எல்லாம் போனிலும் டேப்லெட்டிலும்.

சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இதற்குப் பெயர்போன உதாரணம் 1968ன் ‘புல்லிட்’. ஸ்டீவ் மெக்வீனின் மஸ்டாங், மேடும் பள்ளமுமான தெருக்களில் ஒரு கறுப்பு டாட்ஜ் சார்ஜரைத் துரத்தும். இரண்டு கார்களும் ஒரே பச்சை வோக்ஸ்வாகன் பீட்டிலைத் திரும்பத் திரும்ப முந்திக்கொண்டு போகும். சார்ஜரின் சக்கர மூடிகள் கழன்று கழன்று விழும். எண்ணிப் பார்த்தால் நான்கு சக்கரத்துக்கு நான்குக்கும் மேற்பட்ட மூடிகள். பல கேமராக்களில் எடுத்த ஒரே ஓட்டத்தை வெவ்வேறு தருணங்கள்போல எடிட்டர் கோத்ததால் வந்த வினை. இந்தப் பிழைகளோடுதான் அந்தப் படம் சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கரை வாங்கியது. எனக்கு அந்த விருதில் குறை தெரியவில்லை. தெரு எங்கே போகிறது என்று யோசிக்கவிடாத வேகம் அது.

யோசிக்கவிடாமல் செய்ய முடியும் என்பதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு. 1997ல் டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு பெண்கள் மேஜையில் பேசிக்கொண்டிருக்கும் குட்டிப் படம் ஒன்றை எடுத்தார்கள். வெட்டுக்கு வெட்டு வேண்டுமென்றே ஒன்பது மாற்றங்கள்: கழுத்தில் இருந்த ஸ்கார்ஃப் காணாமல் போகும், தட்டின் நிறம் மாறும். பார்த்த பத்துப் பேரில் ஒருவர்தான் ஏதோ மாறியதாகச் சொன்னார். மாற்றம் இருக்கிறது, தேடுங்கள் என்று சொல்லி மறுபடி காட்டியபோதும் பெரும்பாலானவை நழுவின. இன்னொரு படத்தில் நாற்காலியிலிருந்து எழுபவர் ஒருவர், அடுத்த ஷாட்டில் போனை எடுப்பவர் வேறொருவர். நடிகரே மாறியதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை. கண் எல்லாவற்றையும் படம்பிடித்து மூளையில் அடுக்கி வைப்பதில்லை. கதைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியேதான் இருக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறது.

வளைகுடாப் பகுதியின் பெரிய எடிட்டரான வால்டர் மர்ச் இதை அனுபவத்தில் கண்டுகொண்டவர். ஒரு வெட்டு நல்ல வெட்டா என்று பார்க்க அவர் ஆறு அளவுகோல்களுக்கு மதிப்பெண் போட்டார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. யார் எங்கே நிற்கிறார், பொருள் எங்கே இருந்தது என்ற வெளியின் தொடர்ச்சிக்குக் கடைசி இடம், 4 சதவீதம். மற்ற ஐந்தும் சரியாக இருந்தால் அந்த நான்கைப் பலிகொடுக்கலாம் என்பது அவர் கட்சி. குபெர்டினோவின் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ மென்பொருளைப் பெரிய பட்ஜெட் படத்துக்கு நம்பிக்கையோடு எடுத்துப் பயன்படுத்திய முன்னோடியும் அவரே. படம் 2003ன் ‘கோல்ட் மவுன்டன்’.

அதே மென்பொருளில்தான் டேவிட் ஃபிஞ்சரின் ‘சோடியாக்’ தொகுக்கப்பட்டது. 2007ல் வந்த இந்தப் படம் காலப்பிழையை வேட்டையாடியவர்களின் கதையாகவும் சொல்லத் தக்கது. 1968, 69ல் வளைகுடாப் பகுதியில் கொலைகள் செய்து, பத்திரிகைகளுக்குச் சங்கேத எழுத்தில் கடிதம் அனுப்பிய, இன்றுவரை பிடிபடாத ஒருவனைப் பற்றியது. (அவனுடைய முதல் சங்கேதத்தில் 408 எழுத்துகள். குபெர்டினோவின் தொலைபேசிக் குறியீடும் 408. இதில் தடயம் ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்.) வழக்கை விசாரித்த டேவ் டாஸ்கியின் தோள் துப்பாக்கி உறையைப் பார்த்துத்தான் ‘புல்லிட்’டில் மெக்வீன் தனக்கும் ஒன்று அணிந்துகொண்டார். ஃபிஞ்சர் வளர்ந்ததும் இதே வட்டாரத்தில், மரின் கவுன்டியில். பள்ளிப் பேருந்தைத் தாக்குவேன் என்று கொலைகாரன் மிரட்டியதால் சிறுவனாக இருந்தபோது தன் பேருந்தின் பின்னால் போலீஸ் கார் வந்தது அவருக்கு நினைவிருந்தது. அந்தத் தெருக்களை நேரில் பார்த்தவர் எடுக்கும் படத்தில் தெரு தப்பாக இருக்க முடியாது.

ஆனால் தெருதான் இல்லை. 1969 அக்டோபர் 11 இரவு வாஷிங்டன் தெருவும் செர்ரி தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் சுடப்பட்டார். படமெடுக்கப் போனபோது அந்தப் பணக்காரக் குடியிருப்பின் முகம் மாறியிருந்தது, அங்கே வசிப்பவர்களுக்கும் விருப்பமில்லை. ஆகவே நீலத்திரை கட்டிய தளத்தில் டாக்ஸியையும் நடிகர்களையும் வைத்து எடுத்துவிட்டு, வீடுகள், மரங்கள், நடைபாதை எல்லாவற்றையும் டிஜிட்டல் டொமைன் நிறுவனம் கணினியில் கட்டியது. பெரியெசா ஏரிக்கரையில் கொலை நடந்த இடத்தில் அன்றிருந்த ஓக் மரங்கள் இன்றில்லை, ஹெலிகாப்டரில் மரங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். துறைமுகக் கரையோரம் இரண்டடுக்கு எம்பார்கடேரோ சாலை அன்று நகரத்தை மறைத்து நின்றது. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் சேதமாகி, 1991 முதல் இடிக்கப்பட்டது. அதையும் கணினிதான் திரும்பக் கட்டியது. ஆண்டுகள் ஓடுவதைச் சொல்ல ஃபிஞ்சர் கண்டுபிடித்த வழி இன்னும் அழகு: டிரான்ஸ்அமெரிக்கா பிரமிடு தளம் தளமாக உயர்வதைச் சில நொடிகளில் காட்டுவார். அதன் வேலை தொடங்கியது 1969ல், முடிந்தது 1972ல். காலண்டர் தாள் பறக்கும் பழைய உத்திக்குப் பதில் நகரமே காலண்டர்.

கட்டடங்கள் பெரியவை, யாருக்கும் தப்பாது. காலப்பிழை ஒளிந்திருப்பது நாம் பார்த்துப் பார்த்துப் பார்க்காமல் விட்ட பொருள்களில். கலிபோர்னியாவில் 1963 முதல் கார் நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்து, 1969 முதல் நீலத்தில் மஞ்சள், 1980ல் ஏழு இலக்கமாக நீண்டது. ஒரு சோடா டின்னைத் திறந்ததும் அதன் வளையம் டின்னிலேயே ஒட்டிக்கொண்டால் அது 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு. அதற்கு முன் வளையம் கையோடு வந்து, கடற்கரையில் காலைக் கிழிக்கும். பொட்டலத்தில் பார்கோடு இருந்தால் 1974க்குப் பிறகு. நடைபாதை முனையில் சக்கர நாற்காலிக்கான சரிவும், பார்வையற்றோருக்கான மஞ்சள் புள்ளித் தகடும் இன்று குபெர்டினோவின் பல சந்திப்புகளில் உண்டு. 1969ல் கிடையாது. அவற்றை மறைக்கப் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து முனையில் நிறுத்துவது படப்பிடிப்புக்காரர்களின் வழக்கமான தந்திரம்.

வெளிச்சத்தை மறைக்கத்தான் கார் போதாது. 1969ன் அமெரிக்கத் தெருவிளக்கு பெரும்பாலும் பாதரச ஆவி விளக்கு, நீலப் பச்சைச் சாயல். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் சோடியம் விளக்குகள் பரவி இரவு ஆரஞ்சானது. குபெர்டினோவுக்குப் பக்கத்து நகரமான சான்ஹோசே 1980களில் இன்னொரு படி போய்த் தாழ்வழுத்த சோடியம் விளக்குகளை நட்டது. ஹாமில்டன் மலைமேல் இருக்கும் லிக் வானாய்வகத்துக்காக எடுத்த முடிவு; அந்த விளக்கு ஒரே ஒரு மஞ்சளைத்தான் உமிழும், வானியலாளர்கள் அந்த அலைநீளத்தை மட்டும் வடிகட்டிவிடலாம். கீழே தெருவில் நிற்பவனுக்கு அதன் விளைவு வேறு. சிவப்புக் கார், பச்சைக் கார், நீலக் கார் எல்லாம் ஒரே பழுப்பு. 1985ல் சான்ஹோசேயில் நள்ளிரவு நடந்த கொலைக்கு ஒரு சாட்சி, பச்சைக் காரில் வந்தான் என்று படத்தில் சொன்னால் நான் நம்ப மாட்டேன். துப்பறிவாளரும் நம்பக் கூடாது. இப்படி ஒரு விளக்கைத் தெரிந்துகொண்டால் பிழையைத் தவிர்ப்பதோடு கதைக்கு ஒரு முடிச்சும் கிடைக்கிறது. திரைக்கதை எழுதுபவர்கள் இதை ஏன் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

பிழை வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் வரும் பிழை ஒன்றுண்டு. 1969ல் நடக்கும் கதையா, கார் எல்லாம் 1969 மாடல், நாற்காலி எல்லாம் 1969 பாணி, ரேடியோவில் 1969 பாட்டு மட்டும். யார் வீட்டில் எல்லாப் பொருளும் ஒரே ஆண்டில் வாங்கியது? நிஜ 1969ல் தெருவில் 1955ன் கார் ஓடும், அடுப்படியில் பாட்டியின் பாத்திரம் இருக்கும், போலீஸ்காரர் அப்பாவின் கோட்டைப் போட்டிருப்பார். ‘சோடியாக்’ படத்தில் சான்பிரான்சிஸ்கோ போலீஸ், சுற்றியுள்ள சிறிய ஊர்களின் காவல் துறையிடம் ஆவணம் கேட்கும். டெலிஃபேக்ஸ் அனுப்புங்கள் என்றால் எங்களிடம் அந்தக் கருவி இல்லை, தபாலில்தான் வரும் என்பார்கள். வந்துவிட்ட கருவி இன்னும் வந்துசேராத ஊர். காலம் எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பாக நிற்கும் படம் சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’. 2008ல் வந்தது, கதை நடப்பது 1980ன் மதுரையில். பெல்பாட்டம், தாடி, கோயில் திருவிழா, குழாய் ஸ்பீக்கர் என்று அந்தக் காலத்தை ரெம்போனின் கலை இயக்கமும் கதிரின் ஒளிப்பதிவும் கட்டின. தியேட்டர் காட்சியில் ‘முரட்டுக்காளை’ ஓடும். அந்தப் படம் வெளியானது 1980 டிசம்பர் 20 அன்று. ஆகவே அந்தக் காட்சி ஆண்டின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாளிலோ அதற்குப் பிறகோதான் நடந்திருக்க முடியும். ஓர் ஆண்டைச் சொல்லிவிட்டாலே போதாது, மாதமும் கணக்கில் வரும்.

தமிழில் காலக் குற்றப் படம் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பணத்தை. 1978 ஜனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாகின. ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தது 1987ல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டில் பெரிய நோட்டு நூறுதான். ஐந்து லட்சம் கைமாறுகிறது என்றால் ஐயாயிரம் நோட்டு, ஐம்பது கட்டு. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சுவரேறிக் குதிக்க முடியாது. அதில் காந்தி சிரிக்கக் கூடாது, காந்தி வரிசை 1996ல்தான் வந்தது. சீட்டுக்கம்பெனி ரசீதில் இன்றைய ரூபாய்ச் சின்னம் இருந்தால் இன்னும் மோசம், அது 2010ன் சரக்கு. வண்டியில் ‘டி.என். 59’ என்று மதுரை எண் இருக்கக் கூடாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எண் கொடுக்கும் முறை 1989க்குப் பிறகு. 1983 டிசம்பருக்கு முன் மாருதி கிடையாது.

இவையெல்லாம் பெரும்பாலும் சரியாகவே செய்கிறார்கள். சறுக்குவது எழுத்தில். தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. மாறியவை பதின்மூன்று எழுத்துகள்: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், பிறகு ணை, லை, ளை, னை. பழைய லையில் தனிக் கொம்பு கிடையாது, எழுத்தின் முன்னால் யானைத் துதிக்கைபோல ஒரு சுழி வளைந்து நிற்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். 1965ல் நடக்கும் குற்றக் கதையில் பத்திரிகைத் தலைப்பாக வரும் முதல் சொல் ‘கொலை’. பின்னால் தெரியும் பலகை ‘காவல் நிலையம்’. இரண்டிலும் லை. இரண்டையும் இன்றைய கணினி எழுத்துருவில் அச்சடித்து மாட்டினால், அப்போது நடப்பில் இல்லாத எழுத்தில் செய்தி வந்ததாகிவிடும். எழுத்துரு பழையதுபோலத் தேய்ந்து, தாள் தேநீரில் தோய்த்துப் பழுப்பாக்கப்பட்டு, கறை கச்சிதமாக இருக்கும். லை மட்டும் புதுசாக இருக்கும்.

அதற்காக 1978 என்று ஒரு கோடு போட்டுவிடவும் முடியாது. பெரியார் 1935லேயே தன் ‘குடி அரசு’ பத்திரிகையில் புதிய எழுத்தைப் புழங்கவிட்டார். 1940களில் ஈரோட்டு டீக்கடையில் ஒருவர் கையில் அவருடைய ஏடு இருந்தால் அதில் இன்றைய லைதான் இருக்க வேண்டும். பிழை என்று துள்ளும் ரசிகர்தான் ஏமாறுவார். இந்தப்பக்கம், அரசாணை வந்த மறுநாள் எந்த அச்சகமும் ஈய எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிடவில்லை, எந்தக் கடைக்காரரும் பெயர்ப் பலகையைச் சுரண்டி மறுபடி எழுதவில்லை. 1980ன் மதுரைத் தெருவில் இரண்டு லையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கலை இயக்குநருக்கு அது ஒரு வரம். அரசு அலுவலகத்துக்குப் புதுசு, பழைய மளிகைக் கடைக்குப் பழசு என்று எழுதினால் போதும், வசனமே வேண்டாம்.

பொருள் சரியாக இருந்தாலும் அறிவு தப்பாகலாம், குற்றப் படத்துக்கு அது பெரிய கண்ணி. மரபணு கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையை அலெக் ஜெஃப்ரீஸ் கண்டது 1984ல். சான்பிரான்சிஸ்கோ போலீஸ் கைரேகைகளைக் கணினியில் தேடத் தொடங்கியதும் 1984லேயே. அதற்கு முன் ஒரு கைரேகை கிடைத்தால், சந்தேகப்பட்ட ஆளின் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியில்தான் ஒப்பிட வேண்டும். ஆளே தெரியாதபோது ரேகை கையில் இருந்தும் பயனில்லை. ‘சோடியாக்’ ரசிகர்கள் பொறுமையிழக்கும் இடங்கள் பெரும்பாலும் இப்படி விசாரணை முட்டி நிற்பவைதான், அங்கேதான் படம் மிக நேர்மையாகவும் இருக்கிறது. கொலைகாரனின் 340 எழுத்துச் சங்கேதத்தை மூன்று ஆர்வலர்கள் 2020 டிசம்பரில் அவிழ்த்தார்கள். 2007ன் படத்துக்கு அது தெரியாது, 1969ன் பாத்திரங்களுக்கு நிச்சயம் தெரியக் கூடாது. நாளை யாராவது இதே கதையை மறுபடி எடுத்தால், தனக்குத் தெரிந்ததைத் தன் துப்பறிவாளருக்குத் தெரியாமல் வைத்திருக்க வேண்டும்.

பொருளே தடயமாகிப் போகும் வேடிக்கை குபெர்டினோவிலிருந்தும் வந்தது. ‘நைவ்ஸ் அவுட்’ படத்தின் இயக்குநர் ரியன் ஜான்சன் 2020ல் ஒரு ரகசியத்தை உடைத்தார்: படங்களில் ஐபோனைக் காட்ட ஆப்பிள் அனுமதிக்கும், ஆனால் கெட்டவன் கையில் இருக்கக் கூடாது. அன்று முதல் கொலை மர்மப் படங்களில் யார் கையில் என்ன போன் என்று பார்க்கும் ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. கலை இயக்குநர் பாவம், போனை மாற்றினால் முடிவு வெளியே போகும், மாற்றாவிட்டால் வக்கீல் வருவார்.

1969ன் குபெர்டினோவில் ஒரு குற்றக் கதையை இன்று எடுப்பதானால் இடமே கிடைக்காது. அன்று அது ப்ளம், ஏப்ரிகாட் தோட்டங்களுக்கு நடுவே 1955ல்தான் நகரமான ஊர். டி ஆன்சா கல்லூரி திறந்து இரண்டு வருடம், வால்கோ மால் வர இன்னும் ஏழு வருடம். ஆப்பிளின் வட்டக் கட்டடம் நிற்கும் நிலத்தில் 1916ல் கட்டிய ஒரு மரக் களஞ்சியம் மிஞ்சியிருந்தது. அதைப் பலகை பலகையாகக் கழற்றி வளாகத்துக்குள் மறுபடி பூட்டியிருக்கிறார்கள். பொருள் சரி, நிற்கும் இடம் வேறு. தெருவில் கேமராவை வைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1960களின் கறுப்பு மஞ்சள் நம்பர் பிளேட் மேல் ஆசைப்பட்டவர்கள் 7,500 பேருக்குமேல் சேர்ந்ததால், கலிபோர்னியா அரசு அதை மறுபடி அச்சடித்து விற்கிறது. ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையில் டெஸ்லாக்கள் அதை மாட்டிக்கொண்டு ஓடுகின்றன. 2060ல் யாரோ ஒருவர் நம் காலத்துக் கொலையைப் படமாக்கி, மின்சாரக் காரில் கறுப்பு பிளேட்டைச் சரியாக மாட்டி வைப்பார். அதைக் காலப்பிழை என்று கண்டுபிடித்து எழுதுகிறவரும் அன்றைக்கு ஒருவர் இருப்பார்.